பீரங்கிப் படையினருக்குப் புனித பார்பரா பாதுகாவலியான கதை

அமெரிக்கப் பீரங்கிப் படையின் விருந்து ஒன்றில் எடுத்த படத்தைப் பார்த்ததாகவும், அதில் அதிகாரிகள் சிலர் சிவப்பு நாடாவில் கோத்த பதக்கத்தைக் கழுத்தில் அணிந்திருந்ததாகவும், அது 'புனித பார்பரா விருது' என்று பிறகு அறிந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆயுதத்தையே தொட்டறியாத ஓர் இளம்பெண் எப்படிப் பீரங்கி வீரர்களுக்குப் பாதுகாவலியானார்? அப்படி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா? 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்கிறார்களே, அது சரிதானா?

முதல் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். பார்பராவைக் கொன்ற தந்தையை மின்னல் தாக்கி அழித்தது, பீரங்கியின் ஒளியும் ஓசையும் மின்னலையும் இடியையும் ஒத்தவை, ஆகவே பீரங்கிக்காரர்கள் அவரைத் தங்களுக்கு உரியவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பார்கள். இதில் தவறில்லை, ஆனால் இது பாதிப் பதில்தான். மற்றொரு பாதி துர்மரணத்தைப் பற்றிய அச்சத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பார்பராவின் தந்தை தியோஸ்கோரஸ் செல்வந்தர், பழைய ரோமானியத் தெய்வங்களை வணங்கியவர். மகளின் அழகு வெளியார் கண்ணில் படக்கூடாது என்று அவளை ஒரு கோபுரத்தில் அடைத்து வைத்திருந்தார். அவர் வெளியூர் போயிருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த குளியல் மண்டபத்தில் இரண்டு சாளரங்கள் வைக்கும்படி அவர் சொல்லியிருந்ததை மாற்றி, மூன்றாக வைக்கும்படி பார்பரா கொத்தர்களிடம் சொன்னார். திரும்பி வந்த தந்தை காரணம் கேட்டபோது, மூன்று சாளரங்களும் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைக் குறிப்பவை என்று சொல்லி, தாம் கிறிஸ்தவராகிவிட்டதை வெளிப்படுத்தினார். வாளை உருவிக்கொண்டு துரத்தியவரிடமிருந்து தப்பி ஓடியபோது பாறை பிளந்து வழிவிட்டது என்றும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் அவர் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தான் என்றும், அவனுடைய ஆடுகள் வெட்டுக்கிளிகளாக மாறின என்றும் கதை விரிகிறது. ஆளுநரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொடுமையான வதைகளுக்கு உள்ளான பிறகும் அவர் விசுவாசத்தை விடவில்லை. கடைசியில் தலையை வெட்டும் வேலையைத் தந்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். வேலையை முடித்து மலையிலிருந்து இறங்கும் வழியில் மின்னல் விழுந்து சாம்பலானார்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையை வரலாறாக ஏற்பதில்லை. தொடக்ககால மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்துறந்தவர்களின், பழைய பட்டியல்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டிலிருந்துதான் இக்கதை தென்படத் தொடங்குகிறது. அவர் இறந்த இடமாக ஒரு நூல் நிக்கொமேதியாவை, அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மித் நகரைச் சொல்கிறது. இன்னொன்று லெபனானின் பால்பெக்காகிய ஹெலியோபோலிஸ் என்கிறது. வேறு சில ரோம் என்றும், இத்தாலியின் தஸ்கனி என்றும் சொல்கின்றன. எந்தப் பேரரசரின் காலம் என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஒரு பெண் இத்தனை ஊர்களில் இறந்திருக்க முடியாது. இப்பெயரில் எங்கோ ஒரு மறைசாட்சி இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவும் வழியில்லை, நிறுவவும் வழியில்லை. ஆனால் ஒரு புனிதரின் வரலாறு ஐயத்துக்குரியதாக இருப்பது வேறு, அவர்மீது மக்கள் கொண்ட பக்தியின் வரலாறு ஐயத்துக்குரியதாக இருப்பது வேறு. இரண்டாவது, கல்லிலும் மரத்திலும் துணியிலும் நிறைய சான்றுகளை விட்டுச் சென்றிருக்கிறது.

இனிப் பீரங்கிக்கு வருவோம். ஐரோப்பாவில் பீரங்கியைக் காட்டும் மிகப் பழைய ஓவியம் 1326ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேயக் கையெழுத்துப் படியில் இருக்கிறது. அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் பீரங்கி பெரிதாகிக்கொண்டே போனது, ஆனால் அதைச் செய்யும் நுட்பம் அதே வேகத்தில் வளரவில்லை. பெரிய குழல்கள் பலவற்றை வார்த்து எடுக்கவில்லை. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை மாட்டி இறுக்கினார்கள். மரப் பீப்பாய் செய்யும் அதே முறைதான். ஒரு வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும், வெடிமருந்து ஒரு பிடி கூடினாலும், குண்டு வெளியே போவதற்குப் பதில் குழலே சிதறும். அப்போது சாவது எதிரி அல்ல, பீரங்கியைச் சுற்றி நிற்பவர்கள்.

இது அரசர்களையும் விடவில்லை. ஸ்காட்லாந்தின் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் பீரங்கிமேல் தனி மோகம் கொண்டவர். 1460 ஆகஸ்ட் 3ஆம் நாள் ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, தம் பீரங்கி ஒன்று சுடப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழல் சிதறி, அதன் துண்டு தொடையில் பாய்ந்து அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 29. அவருக்குப் பரிசாக வந்த மற்றொரு பெரும் பீரங்கி, 1449இல் பர்கண்டி கோமகனுக்காகச் செய்யப்பட்ட 'மான்ஸ் மெக்', இன்றும் எடின்பரோ கோட்டையில் நிற்கிறது. எடை 6 டன்னுக்கு மேல், வாயின் குறுக்களவு ஏறத்தாழ அரை மீட்டர். ஒரு மனிதன் உள்ளே நுழைந்துகொள்ளலாம். அதுவும் 1681இல் ஓர் இளவரசரின் பிறந்தநாள் மரியாதைக்காக வெடிக்கப்பட்டபோது பிளந்துபோனது. வளையம் தெறித்துப்போன இடத்தையும், அதற்கு உள்ளே தெரியும் நீளவாட்டுப் பட்டைகளையும் இப்போதும் நேரில் காணலாம். அக்காலப் பீரங்கி எப்படிச் செய்யப்பட்டது என்பதை அந்தக் காயமே காட்டிக்கொடுக்கிறது.

குழல் உறுதியாக இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. ஒருமுறை சுட்டதும் குழலுக்குள் கங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரத் துடைப்பானை விட்டு நன்றாகத் துடைத்த பிறகுதான் அடுத்த மருந்தைச் செலுத்த வேண்டும். துடைப்பது சரியாக இல்லையென்றால், மருந்தைக் கோலால் கெட்டிக்கும்போதே பற்றிக்கொள்ளும், கோலைப் பிடித்தவரின் கைகள் போய்விடும். ஆகவே பிற்காலத்தில் ஒரு வழக்கம் நிலைத்தது. முன்னால் ஒருவர் துடைத்துக் கெட்டித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் இன்னொருவர் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் பற்றுவாயை, அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் துளையை, அழுத்தி மூடியிருப்பார். காற்று உள்ளே புகுந்து கங்கை ஊதிவிடக்கூடாது என்பதற்காக. சூடு தாங்காமல் விரலை எடுத்துவிட்டால் முன்னால் நிற்பவரின் உயிர் போகும். இப்படி ஒருவர் உயிர் மற்றவர் கட்டைவிரலில் இருந்த தொழில் அது.

இத்தகைய தொழிலைச் செய்தவர்கள் எந்தப் புனிதரைத் தேடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போர்ப் புனிதர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் வேறு. அலகையை மிதித்து நிற்கும் மிக்கேல் அதிதூதர், பறவைநாகத்தைக் குத்தும் ஜார்ஜியார், வெள்ளைக் குதிரையில் வாளோடு வரும் சந்தியாகப்பர். இவர்கள் எல்லாரும் வெற்றிக்காக வேண்டப்படுகிறவர்கள். பார்பராவிடம் யாரும் வெற்றி கேட்கவில்லை. தம் கையிலுள்ள கருவியே தம்மைக் கொன்றுவிடக்கூடாது என்றுதான் அவரிடம் கேட்டார்கள்.

இங்கேதான் துர்மரணம் வருகிறது. இடைக்கால ஐரோப்பியக் கத்தோலிக்கருக்குச் சாவைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நற்கருணை அப்பம் வாங்காமல், சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் பெறாமல் திடீரென்று போய்ச் சேருவது. நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் நன்மரணத்துக்காகச் சூசையப்பரை வேண்டுகிறோமே, அந்த வேண்டுதலின் மறுபக்கம் இது. பார்பராவை வேண்டினால் இந்த அருட்சாதனங்களைப் பெறாமல் சாவு வராது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. ஆகவேதான் பல ஓவியங்களிலும் சிற்பங்களிலும் அவர் கையில் கிண்ணமும் அதன்மேல் நற்கருணை அப்பமும் இருக்கும். வாளும் மின்னலும் இல்லாத பார்பரா படங்கள் ஏராளம். 14ஆம் நூற்றாண்டில், கொள்ளைநோய் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில், ஜெர்மன் பகுதிகளில் பதினான்கு புனிதர்களை ஒரு தொகுதியாக அவசரத்துக்கு அழைக்கும் பக்தி வளர்ந்தது. அந்தப் பதினான்கு பேரில் பார்பராவும் ஒருவர். காலையில் நலமாக இருந்தவர் மாலையில் இல்லை என்ற காலத்தில் அவருக்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

மின்னல்தான் முழுக் காரணம் என்பவர்களுக்கு என்னிடம் ஓர் எதிர்க்கேள்வி உண்டு. பீரங்கிக்காரர்களைப் போலவே சுரங்கத் தொழிலாளரும் பார்பராவைக் கொண்டாடுகிறார்கள். வெடிமருந்தால் பாறையைத் தகர்ப்பதால்தான் இந்தத் தொடர்பு என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் செக் நாட்டின் குத்னா ஹோரா நகரில், வெள்ளிச் சுரங்கத்தால் செழித்தவர்கள் பார்பராவுக்குக் கோயில் எழுப்பத் தொடங்கியது 1388இல். சுரங்கத்தில் வெடிமருந்து பயன்பட்டதற்கு ஐரோப்பாவில் கிடைக்கும் முதல் உறுதியான பதிவோ 1627ஆம் ஆண்டினது, இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஷெம்னிட்ஸ் சுரங்கத்தைப் பற்றியது. அதற்கு 239 ஆண்டுகள் முன்பே, உளியும் சுத்தியலும் மட்டும் வைத்திருந்தவர்கள் அவரைத் தேடிப் போயிருக்கிறார்கள். வெடிச்சத்தத்துக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? பாறை பிளந்து அவருக்கு வழிவிட்டது என்ற கதைப்பகுதி அவர்களைக் கவர்ந்திருக்கலாம். அதைவிட, குருவானவர் இறங்கி வர முடியாத ஆழத்தில் மேற்கூரை சரிந்துவிடுமோ என்ற அச்சமே அவர்களை அங்கே கொண்டுபோயிருக்கும். பீரங்கிக்காரருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் பொதுவானது இடி அல்ல. இருவருமே முன்னறிவிப்பின்றிச் சாகக்கூடியவர்கள்.

அதற்காக மின்னலை ஒதுக்கிவிடவும் முடியாது. இடி இடிக்கும்போது நம் பாட்டிகள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வதைப் போல, ஸ்பானியப் பாட்டிகள் பார்பராவின் பெயரைச் சொல்வார்கள். 'இடி இடித்தால்தான் பார்பரா நினைவுக்கு வருவார்' என்று ஒரு பழமொழியே அம்மொழியில் உண்டு. வேண்டும்போது மட்டும் தேடி வருகிறவர்களைக் குத்திக்காட்ட அதைச் சொல்வார்கள். மின்னல், கோபுரம், வெடிமருந்து ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கல்லால் கட்டிய உறுதியான கோபுரங்களிலும் கோயில்களின் நிலவறைகளிலும் வெடிமருந்தைச் சேமிப்பது அக்கால வழக்கம். 1769 ஆகஸ்டில் இத்தாலியின் பிரேசியா நகரில் அப்படியொரு கோபுரத்தில் மின்னல் விழுந்து, நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. இடிதாங்கியைப் பற்றிப் பெஞ்சமின் பிராங்கிளின் எழுதிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், ஐரோப்பாவில் பலர் அப்போதும் அதை நம்பத் தயங்கிக்கொண்டிருந்தார்கள்.

பார்பராவுக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு மொழிக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் கப்பலின் வெடிமருந்து அறைக்குப் பெயரே 'சாந்தாபார்பரா'. பிரெஞ்சு மாலுமிகள் 'செந்த்-பார்ப்' என்றார்கள். அவருடைய படத்தை அங்கே மாட்டி வைத்த வழக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. மரத்தாலான போர்க்கப்பலில் அந்த அறையைப் போல அஞ்சத்தக்க இடம் வேறில்லை. உள்ளே விளக்கு எடுத்துப்போகக் கூடாது. பக்கத்து அறையில் விளக்கை வைத்து, இடையிலுள்ள கண்ணாடி வழியாக வெளிச்சம் வரச் செய்வார்கள். உராய்ந்தால் பொறி பறக்கும் என்பதால் இரும்பைத் தவிர்த்துச் செம்பும் மரமும் பயன்படுத்தினார்கள். உள்ளே போகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளி மிதியடி போட்டுக்கொள்வார்கள். கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றும் நமக்கு அந்தக் காட்சி வேறொரு பொருளையும் தரலாம். (பீரங்கி என்ற சொல்லையே 'பரங்கி'யோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். கருவி வந்த வழியில் அதன் புனிதர் நம்மிடம் அவ்வளவாக வந்து சேரவில்லை.)

ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் போதும் என்றால், நான் வெனிஸிலுள்ள சாந்தா மரியா போர்மோசா கோயிலைச் சொல்வேன். வெனிஸ் குடியரசின் பீரங்கிக்காரர்களுக்குத் தனிச் சபை ஒன்று இருந்தது, அவர்களுடைய பீடம் இந்தக் கோயிலில். அதற்காக 1520களில் மூத்த பால்மா என்ற ஓவியர் வரைந்த படத்தின் நடுவில் பார்பரா நிற்கிறார். தலையில் கிரீடம், கையில் மறைசாட்சிக்குரிய குருத்தோலை, பின்னால் அவரை அடைத்து வைத்த கோபுரம், காலடியில் பீரங்கிகள். ஒரு பக்கத்தில் நமக்கு நன்கு தெரிந்த செபஸ்தியார், மறுபக்கத்தில் வனத்து அந்தோணியார். பார்பராவின் முகத்தில் போருக்குரிய எந்தச் சினமும் இல்லை. நல்ல உடற்கட்டுள்ள, செல்வக் குடும்பத்து வெனிஸ் பெண்ணைப் போலத்தான் இருக்கிறார். காலடியிலுள்ள பீரங்கிகளை அவர் ஏவுவதாகத் தெரியவில்லை. அவற்றை அடக்கி வைத்திருக்கிறார் என்றே நான் அந்தப் படத்தைப் புரிந்துகொள்கிறேன்.

இனி 1969. அந்த ஆண்டு திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் ரோமைப் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது, டிசம்பர் 4இல் இருந்த பார்பராவின் நினைவு அதிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. வரலாற்று ஆதாரம் போதாது என்பதே காரணம். ஆனால் பொது நாள்காட்டி என்பது உலகமெங்கும் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டிய நாள்களின் பட்டியல் மட்டுமே. அதிலிருந்து எடுத்தால் புனிதர் நிலை போய்விடாது. திருச்சபையின் அதிகாரப்பூர்வப் புனிதர் பட்டியலாகிய ரோமை மறைசாட்சியர் ஏட்டின் இன்றைய பதிப்பிலும் டிசம்பர் 4ஆம் நாளுக்குக் கீழ் அவர் பெயர் இருக்கிறது. நிக்கொமேதியாவில் கன்னியாகவும் மறைசாட்சியாகவும் இருந்தார் என வழிவழியாகச் சொல்லப்படுகிறது என்ற எச்சரிக்கையோடு இருக்கிறது. இதே திருத்தத்தில் நீக்கப்பட்ட அலெக்சாந்திரியாவின் கத்தரீனம்மாள் 2002இல் பொது நாள்காட்டிக்கே திரும்பி வந்துவிட்டார், பார்பரா வரவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாள்காட்டியிலிருந்து எடுப்பதற்கு 18 ஆண்டுகள் முன்னால்தான், 1951 டிசம்பர் 4ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை இத்தாலியக் கடற்படையினர், பீரங்கிப் படையினர், பொறியாளர் படையினர், தீயணைப்பு வீரர்கள் ஆகியோரின் பாதுகாவலியாக முறைப்படி அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பு இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

படைகள் நாள்காட்டித் திருத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீங்கள் படத்தில் பார்த்த அமெரிக்க விருது களப் பீரங்கிப் படைக்கும் வான்பாதுகாப்புப் பீரங்கிப் படைக்கும் பொதுவானது. அதில் இரண்டு நிலைகள் உண்டு, மேல்நிலை மிகச் சிலருக்கே கிடைக்கும். பெறுகிறவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. டிசம்பரையொட்டிய விருந்தில் பெரிய பாத்திரம் ஒன்றில் படைப்பிரிவின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மதுவாக ஊற்றிக் கலக்கும் சடங்கும் உண்டு. பிரிட்டனின் அரச பீரங்கிப் படை, ஜெர்மானியப் பீரங்கிப் பிரிவுகள், பிரெஞ்சுத் தீயணைப்பு வீரர்கள் என எல்லாரும் டிசம்பர் 4ஐ ஏதோ ஒரு வகையில் கொண்டாடுகிறார்கள். ஐரோப்பாவில் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கும்போது நுழைவாயிலில் பார்பராவின் சிலையை வைப்பதும் இன்றைய வழக்கமே. சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்து அடித்தளச் சுரங்கப்பாதையில் 2010 அக்டோபரில் இரு பக்கமும் சந்தித்தபோது, துளை வழியாக முதலில் வந்த தொழிலாளர் கையில் இருந்ததும் அவருடைய சிலைதான்.

இந்தப் பட்டியலில் மிகவும் வியப்பூட்டுவது ரஷ்யா. கடவுள் இல்லை என்ற கொள்கையுடைய சோவியத் அரசு தன் அணு ஏவுகணைப் படையை 1959 டிசம்பர் 17ஆம் நாள் உருவாக்கியது. 13 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய மரபுவழித் திருச்சபைக்கு டிசம்பர் 4 விழுவது அதே டிசம்பர் 17இல். அரசாணையில் கையெழுத்திட்டவர்கள் அதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்டு, பார்பராவை ஏவுகணைப் படையின் விண்ணகப் பாதுகாவலியாக ஏற்றார்கள், அவருடைய திருவுருவப் படங்கள் படைத்தளங்களுக்குப் போயின.

பார்பராவின் திருப்பண்டங்கள், அதாவது உடலின் எஞ்சிய பகுதிகள், தங்களிடம் இருப்பதாகச் சொல்லும் ஊர்கள் பல, வெனிஸுக்கு அருகிலுள்ள புரானோ தீவும் அவற்றில் ஒன்று. கிழக்குத் திருச்சபையினர் மிகுதியாகத் தேடிப் போகும் திருப்பண்டங்கள் 12ஆம் நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஓர் இளவரசியோடு வந்தவை எனப்படுகின்றன. பல நூற்றாண்டுகள் புனித மிக்கேல் மடத்தில் இருந்து, 1930களில் அந்த மடத்துப் பேராலயத்தைச் சோவியத் அரசு இடித்த பிறகு வேறிடம் கொண்டுபோகப்பட்டு, இன்று புனித வொலொதிமிர் பேராலயத்தில் இருக்கின்றன. அந்தப் பேராலயம் இருப்பது உக்ரைனின் தலைநகர் கீவில். 2023 செப்டம்பர் முதல் உக்ரைனின் தன்னுரிமை பெற்ற மரபுவழித் திருச்சபை புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டதால், அதில் பார்பராவின் திருநாள் இப்போது டிசம்பர் 4. மாஸ்கோவில் இன்னும் 17.